பெட்டை ஹீட்டில் இருக்கிறது, கடுவன் விசிலுக்கு வருவதில்லை. பயிற்சியை நிறுத்திவிடலாமா?

கரிசல்காட்டான்:

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்குக் கோவில்பட்டிப் பக்கம். 80 உருப்படி ஆடு இருக்கிறது. அறுவடை முடிந்த காடுகளில் கிடை போடுவோம், அதாவது ராத்திரி ஆடுகளை அங்கேயே அடைப்போம். காவலுக்கு இரண்டு நாய்கள். செவலை, சிப்பிப்பாறைப் பெட்டை, 3 வயது. வீரன், கோம்பைக் கடுவன், 14 மாதம்.

வீரனை ஐந்து மாதமாகப் பழக்குகிறேன். விசில் அடித்தால் எங்கிருந்தாலும் திரும்பி வர வேண்டும், ஆட்டுக்குட்டிகளைத் துரத்தக் கூடாது, ராத்திரி கிடையை விட்டு அகலக் கூடாது. இவ்வளவுதான் நான் கேட்பது. பத்து தடவை விசில் அடித்தால் ஒன்பது தடவை ஓடி வந்துவிடுவான்.

செவலை ஹீட்டுக்கு (இணை சேரும் பருவத்துக்கு) வந்து இன்று 8ஆம் நாள். நான்கு நாளாக வீரன் வேறு நாயாகிவிட்டான். அவள் மூத்திரம் போன இடத்தில் மூக்கை வைத்தால் எடுப்பதே இல்லை. பல் கிடுகிடுவென்று அடித்துக்கொள்கிறது, வாயோரம் நுரை கட்டுகிறது. விசில் அடித்தால் காது மட்டும் என் பக்கம் திரும்புகிறது, உடம்பு அசைவதில்லை. கஞ்சியை மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறான். ராத்திரி முழுக்க ஊளை. நேற்று கோபத்தில் ஓர் அடி போட்டுவிட்டேன். அதிலிருந்து நான் விசிலைக் கையில் எடுத்தாலே ஒதுங்குகிறான். மனசே சரியில்லை.

பயிற்சியை ஒரு மாதம் நிறுத்திவிடலாமா? செவலைக்கு விக்ஸ் தடவினால் வாசனை தெரியாது என்கிறார்கள், உண்மையா? இந்த ஹீட்டில் குட்டி வேண்டாம்.

பழைய மோப்பக்காரன்:

தம்பி, மோப்பநாய்களோடு பல வருடம் வேலை பார்த்தவன் நான். முதலில் அந்த அடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அடித்தது அவன் வராததற்காக. அவனுக்குப் புரிந்தது, விசில் சத்தம் வந்தால் அடி விழும் என்பது. இனி இந்த ஹீட் முடியும் வரை, அவன் வரமாட்டான் என்று தெரிந்த இடத்தில் விசிலை வாயில் வைக்காதீர்கள். விசில் அடித்து நாய் வராமல் போகிற ஒவ்வொரு தடவையும் அந்த விசிலின் மதிப்பு கொஞ்சம் குறைகிறது. ஐந்து மாத உழைப்பை ஐந்து நாளில் கரைத்துவிடலாம்.

பயிற்சியை நிறுத்த வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். செவலை கால் வைக்காத காடாக, காற்று அவள் இருக்கும் பக்கத்திலிருந்து வீசாத இடமாகப் பாருங்கள். 10 மீட்டர் கயிறு கட்டி, 5 அடி தூரத்திலிருந்து கூப்பிடுங்கள், வந்ததும் ஒரு துண்டு ஈரல். நாலைந்து தடவை போதும், அவன் இன்னும் கேட்கும்போதே முடித்துவிடுங்கள். குட்டி நாய்க்குச் செய்வது போல இருக்கும், பரவாயில்லை.

இரண்டையும் ஒரே நாளில் வேலை வாங்க வேண்டுமென்றால் எப்போதும் கடுவன் முதலில், பெட்டை கடைசியில். முறை மாறினால் தரை முழுக்க அவள் வாசனைதான்.

கோவை ஸ்போர்ட்டி:

அண்ணன் சொன்ன வரிசை போட்டிகளிலும் உண்டு. ஜெர்மன் ஷெப்பர்டு மாதிரி நாய்களுக்கு நடக்கும் ஐஜிபி (மோப்பம், கீழ்ப்படிதல், காவல்) தேர்வில் ஹீட்டில் இருக்கும் பெட்டையை ஒதுக்குவதில்லை. மற்ற நாய்களிடமிருந்து தள்ளி வைத்து, எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக இறக்குவார்கள்.

ஆனால் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. வேலை நாய்க்கு இதுவும் ஒரு பாடம்தான். வெளியே என்றைக்கு வேண்டுமானாலும் இந்த வாசனை வரும். தூரத்தில் வைத்தாவது பழக்க வேண்டாமா?

பழைய மோப்பக்காரன்:

தம்பி, மூன்று வயதுக் கடுவன், அடிப்படை கெட்டியாக இருக்கிறது என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். இவன் 14 மாதம், நேற்று அடியும் வாங்கியிருக்கிறான். இப்போது வேண்டாம்.

ஆட்டு டாக்டரம்மா:

கால்நடை மருத்துவராகச் சில விஷயங்கள். விக்ஸ் வேண்டவே வேண்டாம். அதில் கற்பூரமும் மென்தாலும் இருக்கின்றன. வீங்கியிருக்கும் மென்மையான இடத்தில் எரியும், அவள் நக்குவாள், வயிற்றுக்குள் போகும். கடுவனும் ஏமாறாது.

ஹீட் பொதுவாக மூன்று வாரம். முதல் 9 நாள் போல இரத்தம் கசியும், கடுவனைக் கிட்ட விடமாட்டாள். அப்புறம் கசிவின் நிறம் வெளுத்து வைக்கோல் நிறத்துக்கு வரும், வாலை ஒரு பக்கம் ஒதுக்கி நிற்பாள். சினை பிடிக்கும் நாட்கள் அவை. இரத்தம் நின்றுவிட்டதே, முடிந்தது என்று அவிழ்த்துவிட்டு அடுத்த மாதம் என்னிடம் வருபவர்கள் ஏராளம். உங்களுக்கு 8ஆம் நாள் என்றால் ஆபத்தான காலம் இனிமேல்தான். நாள் கணக்கும் நாய்க்கு நாய் மாறும். வீக்கம் வடிந்து கசிவு முற்றிலும் நிற்கும் வரை, நான்கு வாரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஹீட்டை நிறுத்த ஊசி போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிற்பாடு கருப்பையில் சீழ் பிடிக்கும் வாய்ப்பை அது கூட்டும். ஊசி போடாவிட்டாலும் அடுத்த இரண்டு மாதம் கவனியுங்கள். தண்ணீர் அதிகம் குடிக்கிறாள், சாப்பிடவில்லை, வாந்தி, நாற்றத்தோடு கசிவு என்றால் அன்றைக்கே மருத்துவமனை. குட்டியே வேண்டாம் என்றால் ஹீட் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்து அறுவை செய்துகொள்ளலாம்.

வீரன் ஓரிரு நாள் சாப்பிடாதது பயப்படும் விஷயமில்லை. தண்ணீர் குடிக்கிறானா என்று மட்டும் பாருங்கள்.

கீதாரி மகன்:

அண்ணே, வீரனை மட்டும் பார்க்கிறீர்கள். ஊர் நாய்களை யார் பார்ப்பது? நாங்கள் சிவகங்கைப் பக்கம் கிடை போட்டிருந்தபோது எங்கள் பெட்டை இப்படித்தான் கிடையிலேயே கிடந்தாள். மூன்றாம் ராத்திரி ஏழெட்டு நாய் வந்துவிட்டன. தங்களுக்குள் கடித்துக்கொண்டவை, அப்புறம் பட்டிக்குள் பாய்ந்தன. விடியும்போது நாலு ஆட்டுக்குட்டி செத்துக் கிடந்தன. ஒன்றுக்குத் தொண்டையில் இரண்டு பல் தடம் மட்டும்தான், வேறு காயமே இல்லை. இன்றைக்கே செவலையை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். கம்பிவலை போதாது, வலைக்கு வெளியே நின்றே சேர்ந்துவிடும். கதவு உள்ள அறை வேண்டும்.

ஆட்டு டாக்டரம்மா:

மிக முக்கியமான விஷயம். இரண்டு நாய்களுக்கும் வெறிநோய்த் தடுப்பூசித் தேதியைப் பாருங்கள். ஒருவேளை சேர்ந்து ஒட்டிக்கொண்டால் பிடித்து இழுக்காதீர்கள், இரண்டுக்குமே காயமாகும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானே விடுபடும். அப்புறம் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

கரிசல்காட்டான் (11ஆம் நாள்):

எல்லோருக்கும் நன்றி. அன்று சாயந்தரமே செவலையை டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். விதை மூட்டை போடுகிற அறையில் இருக்கிறாள். கிடை போட்ட இடத்துக்கும் வீட்டுக்கும் இரண்டு கிலோமீட்டர். தினமும் காலையில் போய் அவளைத் துடைத்துவிட்டு வருகிறேன்.

வேறு காட்டில், கயிறு கட்டி, ஈரலோடு ஆரம்பித்தேன். முதல் நாள் நன்றாக வந்தான். நேற்றும் இன்றும் என் மேலேயே தாவுகிறான், இடது தோளை மோந்து மோந்து பார்க்கிறான், ஈரலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இது என்ன?

பழைய மோப்பக்காரன்:

இடது தோளில் என்ன போட்டிருந்தீர்கள்?

கரிசல்காட்டான்:

அண்ணே... துண்டு. செவலையைத் துடைத்த அதே துண்டு. வாய்க்காலில் அலசிவிட்டுத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

பழைய மோப்பக்காரன்:

நமக்கு அலசியது, அவனுக்கு அலசாதது. லுங்கி, செருப்பு, கை எல்லாவற்றிலும் இருக்கும். முடிந்தால் அவளை வீட்டில் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். வீரனிடம் போகிறவர் அவளைத் தொடவே வேண்டாம்.

கோவை ஸ்போர்ட்டி:

நாய்க்கூண்டு ஏற்றுகிற வண்டியும் அப்படித்தான். அந்த எக்ஸ்எல்லையும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். அண்ணன் சொன்னதை யோசித்துப் பார்த்தேன், இவனுக்கு இப்போது வேண்டாம் என்பது சரிதான்.

கரிசல்காட்டான் (34ஆம் நாள்):

செவலையை என் மனைவி பார்த்துக்கொண்டார். நான் அந்த அறைப்பக்கமே போகவில்லை. துண்டை மாற்றிய இரண்டாம் நாளே வீரன் ஈரலுக்கு வந்தான். பழைய விசிலைக் கண்டால் ஒதுங்கியதால், வேறு சத்தம் வரும் புது விசில் வாங்கி முதலிலிருந்து பழக்கினேன். 20 நாள் கயிற்றிலேயே வேலை. வீட்டைச் சுற்றி ஊர் நாய்கள் ஒரு வாரம் கிடந்தன, கிடைப்பக்கம் ஒன்றுகூட வரவில்லை. தடுப்பூசி இரண்டுக்கும் போட்டாயிற்று.

முந்தாநாள் கயிற்றை அவிழ்த்தேன். ஓடையைத் தாண்டி முயலைத் துரத்திக்கொண்டு போனவன், புது விசில் அடித்ததும் சடாரென்று நின்று, மண் தெறிக்கத் திரும்பி ஓடி வந்தான். செவலை நேற்று கிடைக்கு வந்துவிட்டாள். டாக்டரம்மா, அறுவைக்குத் தை மாதம் கூட்டிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறோம். அதுவரை அவள் குடிக்கும் தண்ணீரைத் தனிச் சட்டியில் ஊற்றிப் பார்த்துவருகிறேன்.