டிவியை அணைத்தால் வீட்டு நெட் படுத்துவிடுகிறது: இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா?

நடுராத்திரி:

கேபிளைப் பிடுங்கிவிட்டேன், நெட் வந்துவிட்டது, ஆனாலும் மனம் ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன். இரவு டிவியை அணைத்துவிட்டுப் படுக்கப் போனால், சற்று நேரத்தில் வீட்டில் எதற்கும் நெட் இருக்காது. வைஃபை குறி முழுசாக நிற்கும், ரவுட்டரின் அமைப்புப் பக்கம்கூடத் திறக்காது. கணினியும் நாஸ் பெட்டியும் (கோப்புகளைச் சேமிக்கும் நெட்வொர்க் வன்தட்டு) ஒரே ஸ்விட்ச்சில், அதாவது வீட்டு நெட் கேபிள்களை இணைக்கும் பெட்டியில், இருக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பிங், அதாவது "இருக்கிறாயா" என்று கேட்கும் சோதனைச் செய்தி, போகாது. அதற்கும் இணையத்துக்கும் சம்பந்தமே இல்லை, பாருங்கள். சேவை நிறுவனத்திலிருந்து வந்தார்கள், மோடத்தை மாற்றினார்கள், லைன் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். லைன் சுத்தம்தான்.

கடைசியில் ஒரு ராத்திரி, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ஸ்விட்ச் முன்னால் உட்கார்ந்து கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். பக்கத்தில் மடிக்கணினியில் பிங் ஓடுகிறது, வரிசையாகப் பதில் இல்லை, பதில் இல்லை. டிவி கேபிளைப் பிடுங்கியதும் சடசடவென்று பதில்கள் கொட்டின. செருகினேன், நின்றது. பிடுங்கினேன், வந்தது. டிவியோ அணைந்து கிடக்கிறது! சிவப்புப் பொட்டு மட்டும் எரிகிறது. நெட்வொர்க்கில் வருவதைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் பார்த்தால் சந்தேகப்படும்படி ஒன்றுமே இல்லை. டிவியைப் போட்டுவிட்டால் அதுவும் நன்றாக ஓடுகிறது, மற்றதும் நன்றாக ஓடுகிறது. இத்தனை காலம் அதன்மேல் சந்தேகமே வராததற்கு அதுதான் காரணம். அணைந்திருக்கும் பொருள் எப்படி இதைச் செய்யும்?

பச்சைவிளக்கு:

அது பாஸ் ஃப்ரேம் வேலை, "கொஞ்சம் நிறுத்து" என்று ஒரு சாதனம் கேபிளின் எதிர்முனைக்கு அனுப்பும் சிறு செய்தி. எங்கள் வீட்டில் இதையே செய்தது யுஎஸ்பி-சி டாக், மடிக்கணினியை நெட் கேபிளோடு இணைக்கும் பெட்டி. தங்கை வேலை முடிந்ததும் மடிக்கணினியை டாக்கிலிருந்து உருவிக்கொண்டு மாடிக்குப் போவாள். அவள் படியேறி முடிப்பதற்குள் என் அறையில் மீட்டிங் உறைந்துவிடும், எதிரில் இருப்பவர் பாதி வாய் திறந்தபடி அப்படியே நிற்பார். அவள் போனதற்கும் என் மீட்டிங் செத்ததற்கும் முடிச்சு இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? நெட் போனால் முதலில் அவளைத்தான் கூப்பிடுவேன். அவள் கீழே வந்து மடிக்கணினியை மறுபடி டாக்கில் சொருகுவாள், எல்லாம் சரியாகிவிடும். "எனக்கு வருதே, உனக்குத்தான் ஏதோ கோளாறு" என்பாள்.

நடந்தது இதுதான். மடிக்கணினி போனபின்னும் டாக்குக்கு மின்சாரம் இருக்கிறது, கேபிள் இருக்கிறது. வரும் பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) வாங்கிக்கொள்ள அந்தப் பக்கம் ஆள் இல்லை. பஃபர், அதாவது அவற்றைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம், நிரம்புகிறது. உடனே அந்தச் சிப் ஸ்விட்ச்சைப் பார்த்து "பொறு, பொறு" என்று கத்தத் தொடங்கி நிறுத்தவே மாட்டேன் என்கிறது. உங்கள் டிவியும் தூக்கத்தில் இதைத்தான் செய்கிறது. வயர்ஷார்க்கில் தெரியாது, அந்த ஃப்ரேம் ஸ்விட்ச்சோடு முடிந்துவிடும், உங்கள் கணினிவரை வராது.

பாக்கெட்பித்தன்:

ஒப்புக்கொள்ள முடியாது. பாஸ் ஃப்ரேமை வகுத்த 802.3எக்ஸ் தரநிலை 1997-இல் வந்தது. ஒரு கேபிளின் இரண்டு முனைகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கு மட்டும்தான் அது. ஸ்விட்ச் அதைக் கடத்தக் கூடாது என்பது விதி. நீங்களே "ஸ்விட்ச்சோடு முடிந்துவிடும்" என்கிறீர்கள், பிறகு மற்ற போர்ட்கள் (கேபிள் செருகும் துளைகள்) எப்படிச் சாகும்? டிவி போர்ட் ஒன்றுதான் நிற்க வேண்டும். என் கணிப்பு லூப், பாக்கெட்டுகள் வட்டப் பாதையில் மாட்டிச் சுற்றுவது.

எனக்கு நடந்தது லூப்தான். வயர்லெஸ்ஸில் ஒன்றோடொன்று பேசும் ஸ்பீக்கர்கள், இரண்டையும் யாரோ கேபிளிலும் செருகிவிட்டார்கள். ஸ்விட்ச்சில் எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் சிமிட்டின. அதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இதற்கெல்லாம் ஒரே மருந்து, நிர்வகிக்கக்கூடிய ஸ்விட்ச். முதலில் லூப்பைத் தடுக்கும் எஸ்டிபி-யைப் போட்டு வையுங்கள். ஈதர்நெட் ஃப்ரேமுக்கு ஆயுள் எண்ணிக்கை கிடையாது, லூப்பில் மாட்டினால் சுற்றிக்கொண்டே இருக்கும். அடுத்து டிவி, கேமரா, பல்பு எல்லாவற்றையும் தனி விஎல்ஏஎன்-இல் (அதே ஸ்விட்ச்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்கில்) தள்ளுங்கள். அப்புறம் பிராட்காஸ்டுக்கு, அதாவது எல்லோருக்கும் போகும் பாக்கெட்டுகளுக்கு, வரம்பு. ஒவ்வொரு சாதனத்துக்கும் டிஹெச்சிபி-யில் (சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் சேவை) முகவரியை ஒதுக்கி ஒரு தாளில் எழுதி வையுங்கள். சாதனத்தின் வன்பொருள் அடையாளமான எம்ஏசி முகவரியின் முதல் மூன்று பைட்டில் சிப்பையோ சாதனத்தையோ தயாரித்தவர் யார் என்று தெரிந்துவிடும்; போன்கள் இப்போது பொய்யான எம்ஏசி காட்டும், அதை வீட்டு வைஃபைக்கு மட்டும் நிறுத்துங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 தவிர வேறு சேனல் வைக்காதீர்கள். வன்தட்டை யுஎஸ்பி 3-இல் ரவுட்டருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அதன் இரைச்சல் 2.4-இல் விழும். வயர் இரண்டு பக்கமும் லேபிள். லேபிள் இல்லாத வயர் வயரே இல்லை.

முறுக்குக்கம்பி:

ஒரு டிவியை அடக்க இவ்வளவா? வீட்டில் இருப்பவர்கள் விஎல்ஏஎன் எண் கேட்டுத்தான் படம் பார்க்க வேண்டும் போல.

என் கதை வேறு. புது ரவுட்டர் வைத்த பிறகு நெட் வரும், போகும், வரும். ஒருவர் போனில் இருக்கும், இன்னொருவர் போனில் இருக்காது. சரி, அமைப்பைப் பார்க்கலாம் என்று ரவுட்டர் முகவரியான 192.168.1.1 அடித்தேன். கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன், தவறு என்றது. மறுபடியும் தவறு. அப்போதுதான் பக்கத்தின் மூலையைப் பார்க்கிறேன், கேமராப் படம்! நான் இவ்வளவு நேரம் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது கேமராக் காட்சிகளைப் பதியும் டிவிஆர் பெட்டியிடம். உடம்பு ஒரு கணம் சில்லிட்டது, யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

பழைய ரவுட்டர் 192.168.1.254-இல் இருந்திருக்கிறது. டிவிஆர் பொருத்தியவர் அதற்கு 1.1 என்று நிலையாக முகவரி கொடுத்திருக்கிறார். புது ரவுட்டர் பெட்டியிலிருந்து வரும்போதே 1.1. இப்போது "1.1 யார்?" என்று ஏஆர்பி-யில் (முகவரிக்கு உரிய சாதனத்தைத் தேடும் முறை) கேட்டால் இரண்டும் கை தூக்கும். டிவிஆர் பதிலைப் பிடித்துக்கொண்ட போன் தன் பாக்கெட்டுகளை எல்லாம் டிவிஆரிடம் கொண்டுபோய்க் கொடுக்கும். அது என்ன செய்யும், கீழே போட்டுவிடும். ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் சரியாவது அதனால்தான். அந்த "கொஞ்ச நேரம்" என்னை எவ்வளவு ஏமாற்றியது தெரியுமா? நியாயமாகப் பார்த்தால் முதலில் வந்தது டிவிஆர், அதன்மேல் தப்பே இல்லை.

எட்டாம்போர்ட்:

பாக்கெட்பித்தன் சொல்லும் விதி சரி, முடிவு தப்பு. ஃப்ரேம் தாண்டாது. ஆனால் டிவி போர்ட்டுக்குப் போக வேண்டிய பிராட்காஸ்டும் மல்டிகாஸ்டும் (பல சாதனங்களுக்கு ஒன்றாகப் போகும் பாக்கெட்டுகள்) நிற்காமல் வந்துகொண்டே இருக்கும் அல்லவா? அதெல்லாம் ஸ்விட்ச்சின் உள்ளே குவியும். மலிவான ஸ்விட்ச்சில் எல்லா போர்ட்டுக்கும் பொதுவாக ஒரே நினைவகம்தான். அது நிரம்பியதும் ஸ்விட்ச்சே மற்ற போர்ட்களைப் பார்த்து "பொறு" சொல்லும், ரவுட்டரையும் சேர்த்து. ஒரு ஃப்ரேமும் தாண்டவில்லை, தடை மட்டும் தாண்டிவிட்டது.

கணக்கும் போட்டுப் பாருங்கள். ஒரு பாஸ் ஃப்ரேம் அதிகபட்சம் 65,535 அலகு நேரம் நிறுத்தச் சொல்லலாம், ஓர் அலகு 512 பிட் நேரம். ஒரு கிகாபிட் லிங்க்கில் அது சுமார் 33.5 மில்லிநொடி, நொடிக்கு முப்பது ஃப்ரேம் போட்டால் போர்ட் திறக்கவே திறக்காது. பல டிவிகளில் இருப்பது 100 மெகாபிட் போர்ட். அங்கே ஒரு ஃப்ரேமே கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு நொடி நிறுத்தும். நொடிக்கு மூன்றே ஃப்ரேம் போதும். வெள்ளம் எதுவும் வேண்டாம், முனகினாலே போதும்.

லூப் என்றால் விளக்கெல்லாம் வெறிபிடித்த மாதிரி சிமிட்டும். நடுராத்திரி, உங்கள் ஸ்விட்ச்சில் விளக்கு எப்படி இருந்தது?

வெற்றுவயர்:

என்னுடையது சின்னது. விருந்தினர் அறையில் வைஃபை கிடைக்கவில்லை என்று மைத்துனர் பழைய ரவுட்டர் ஒன்றை எடுத்துவந்து, லேன் போர்ட்டில் செருகிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து காலையில் எழுந்தால் யாராவது ஒருவருக்கு நெட் இல்லை, தினமும் வேறு ஆள். போனில் கேட்வே, அதாவது வெளியே போகும் வழியான ரவுட்டரின் முகவரி, பார்த்தேன், 192.168.0.1. எங்கள் வீட்டில் அப்படி ஒரு முகவரியே கிடையாது! இரண்டு டிஹெச்சிபி சர்வர். யார் முதலில் பதில் சொல்கிறார்களோ போன் அவர் பேச்சைக் கேட்கும். அந்தப் பூஜ்யத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் நினைவில் இருக்கிறது. மைத்துனரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

சிக்னல்சித்தன்:

இங்கே எல்லோரும் கேபிள் பற்றியே பேசுகிறீர்கள். வைஃபையிலும் இது உண்டு. எங்கள் வீட்டில் வீடியோ காஸ்ட் சாதனம். போனைக் கொஞ்ச நேரம் தொடாமல் வைத்துவிட்டு எடுத்தால், எடுத்த அந்த நொடியில் ரவுட்டர் தொங்கிவிடும். போனை எடுக்கவே பயமாக இருந்தது என்றால் சிரிப்பீர்கள். 2018 ஜனவரியில் ரவுட்டர் தயாரிப்பாளர் ஒருவர் இதற்கு விளக்கம் கொடுத்தார். வழக்கமாக 20 நொடிக்கு ஒருமுறை போக வேண்டிய எம்டிஎன்எஸ் பாக்கெட்டுகள் (வீட்டுச் சாதனங்கள் ஒன்றையொன்று தேட அனுப்புபவை), தூங்கிய நேரத்துக்கெல்லாம் சேர்த்து விழித்தவுடன் ஒரே மூச்சில் வெளியே வந்தன. சில சமயம் ஒரு லட்சத்துக்கு மேல். அதோடு மல்டிகாஸ்ட் வைஃபையில் மிக மெதுவான வேகத்தில்தான் போகும், காற்று முழுவதையும் அடைத்துக்கொள்ளும்.

பாக்கெட்பித்தன்:

எட்டாம்போர்ட், கணக்கு சரி. ஆனால் ஒழுங்கான ஸ்விட்ச் டிவி போர்ட்டுக்கான பாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டு மற்றவர்களை ஓட விடும். ஸ்விட்ச்சைக் குறை சொல்லுங்கள், டிவியை அல்ல.

எட்டாம்போர்ட்:

இரண்டையும் சொல்வேன். தூங்கப் போகும்போது லிங்க்கை இறக்கிவிட்டுப் போக வேண்டியது டிவியின் வேலை. வீட்டுச் சாதனம் செய்பவர்கள் "எதிர்முனை பதில் சொல்லாவிட்டால்" என்ற நிலையை யோசிப்பதே இல்லை. 2003-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் நேரம் சொல்லும் சர்வர்மேல் வீட்டு ரவுட்டர்கள் படையெடுத்த கதையும் இதுதான். சர்வர் முகவரியை ரவுட்டரின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். பதில் வராவிட்டால் நொடிக்கு ஒருமுறை மறுபடி கேட்கும். பதிலை நிறுத்தினால் கேள்வி கூடும்.

நடுராத்திரி:

விளக்கு கேட்டீர்களே. சிமிட்டவில்லை, எல்லாம் அப்படியே உறைந்து எரிந்தன. ஆக லூப் இல்லை.

போர்ட் கணக்கு காட்டும் ஸ்விட்ச் ஒன்று வாங்கி மாட்டினேன். டிவி போர்ட்டில் வந்த பாஸ் ஃப்ரேம் என்று ஒரு வரி இருக்கிறது. டிவி ஓடும்போது பூஜ்யம். அணைத்ததும் சும்மா இருக்கிறது, பிறகு திடீரென்று ஏறத் தொடங்குகிறது. அந்த போர்ட்டில் ஃப்ளோ கன்ட்ரோலை (பாஸ் ஃப்ரேமுக்குக் கீழ்ப்படிவதை) நிறுத்தினேன், நெட் அறுபடாமல் ஓடியது. டிவி நிறுவனத்துக்கு அந்தத் திரையின் படத்தோடு புகார் அனுப்பினேன். "டிவி அணைந்திருந்தால் நெட்வொர்க்கில் எதுவும் அனுப்பாது" என்று பதில் எழுதிப் புகாரை முடித்துவிட்டார்கள். எண் ஏறுகிறதே, அதைப் பார்த்தார்களா இல்லையா?

பச்சைவிளக்கு:

விரைவுத் தொடக்கம் என்று மெனுவில் ஒன்று இருக்கும், போனிலிருந்து டிவியை எழுப்பும் வசதியும் இருக்கும். இரண்டையும் நிறுத்திவிட்டு அந்த எண்ணைப் பாருங்கள். எங்கள் டாக்கில் அப்படி எந்த வசதியும் இல்லை, அதனால் இப்போது தங்கை டாக்கின் நெட் கேபிளையும் பிடுங்கிவிட்டுத்தான் போகிறாள்.

நடுராத்திரி:

விரைவுத் தொடக்கம் இருக்கிறது, போட்டுத்தான் வைத்திருக்கிறது. இன்று இரவு நிறுத்திப் பார்த்துவிட்டு நாளை எழுதுகிறேன்.