நச்சுக்கொடி பற்றி எளிய தமிழில் எழுத உதவுவீர்களா?

வணக்கம் உறவுகளே. களுவாஞ்சிக்குடியிலிருந்து எழுதுகிறேன். போன வருடம் என் தங்கச்சிக்கு எட்டாம் மாதம் பிரஷர் ஏறி, சிறுநீரில் புரதம் போய் (பிரீ-எக்லாம்சியா என்ற நோய்), பிள்ளையை அவசரமாக ஒப்பரேஷன் செய்து எடுத்தார்கள். இருவரும் சுகம். ஆனால் "இவள்ட உடம்புதான் சரியில்ல" என்ற பேச்சு வீட்டில் இன்னும் ஓயவில்லை. அவள் அழுவதைப் பார்க்க முடியவில்லை.

உயிரியல் படித்தவள் என்பதால் தேடி வாசித்தேன். கருப்பையில் பிள்ளைக்கு உணவும் ஒட்சிசனும் கொடுக்கும் நச்சுக்கொடியின் பெரும்பகுதி கருவிலிருந்துதான் வளர்கிறது. அந்தப் பகுதியின் மரபணுக்களில் பாதி தகப்பன் கொடுத்தவை. பிள்ளையின் எஃப்எல்டி1 என்ற மரபணுவுக்குப் பக்கத்திலுள்ள சிறு வேறுபாடுகளுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பதை 2017இல் வந்த ஒரு பெரிய ஆய்வு காட்டியது. அந்த மரபணுவின் புரதம் ஒன்று நச்சுக்கொடியிலிருந்து அளவுக்கு மீறித் தாயின் இரத்தத்தில் கலந்தால், இரத்தக் குழாய்கள் பாதிக்கப்பட்டுப் பிரஷர் ஏறும். இதே வேறுபாடுகள் சுகமான பிரசவங்களிலும் உண்டு. ஆபத்தைக் கொஞ்சம் கூட்டும், அவ்வளவுதான்.

கிளினிக் வரும் தாய்மாருக்கும், முக்கியமாக மாமிமாருக்கும், இதை ஒரு பக்கத் துண்டுப்பிரசுரமாக்க ஆசை. மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் மகப்பேற்று வைத்தியர், குடும்பநல உத்தியோகத்தர் யாராவது சரிபார்த்துத் தருவீர்களா? நச்சுக்கொடிக்குப் பாடப்புத்தகத்தில் உள்ள 'சூல்வித்தகம்' என்ற சொல் பலருக்குப் புரியாது. உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள்? படம் வரையத் தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.

அப்புறம், இந்த நோய் திரும்ப வராமலிருக்க அடுத்த கர்ப்பத்தில் வைத்தியர் சொல்லிக் குறைந்த அளவு அஸ்பிரின் எடுத்த அக்காமார் இருந்தால், தங்கச்சியோடு ஒருமுறை பேசுவீர்களா? அவள் மிகவும் பயந்துபோய் இருக்கிறாள்.