போனில் ஆள் பேசிவிட்டு வேண்டாம் என்றால்: இங்கிலாந்து கிளம்பும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு

பாளையங்கோட்டை, தென்காசி, வள்ளியூர்ப் பக்கமிருந்து பிள்ளைகள் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். வாடகை, வங்கிக் கணக்கு பற்றியெல்லாம் ஆளாளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். வீட்டு வேலைக்கு ஆள் பேசி, பிறகு ரத்து செய்தால் வரும் தகராறைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அங்கே பல வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பிய எனக்கு ராத்திரி வரும் வாட்ஸ்அப் கேள்விகளில் பாதி இதுதான்.

அம்பாசமுத்திரத்தில் பிளம்பரைக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, நாளைக்கு வர வேண்டாம், அம்மைக்கு மேலுக்குச் சொகமில்ல, பொறவு சொல்லுதேன்" என்றால், "சரி தம்பி, பாத்துக்கிடலாம்" என்று முடிந்துவிடும். அங்கே அப்படி முடியாது. என்ன வேலை, எவ்வளவு கூலி, எந்த நாள் என்று போனில் ஒத்துக்கொண்டாலே ஒப்பந்தம்தான்; கையெழுத்து வேண்டியதில்லை. ஆனால் அதிலிருந்து விலகிக்கொள்ளவும் சட்டம் வழி வைத்திருக்கிறது. அது தெரியாமல்தான் நம்ம பிள்ளைகள் பயந்துபோய்ப் பணம் கட்டுகிறார்கள்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து போன ஒரு தம்பதி, வாடகை வீட்டின் கார்ப்பெட்டைச் சுத்தம் செய்ய ஒரு நிறுவனத்திடம் போனில் பேசினார்கள். 180 பவுண்ட் என்று முடிவானது. இரண்டு நாள் கழித்து வீட்டுக்காரரே செய்து தருவதாகச் சொல்லவே, போனில் வேண்டாம் என்றார்கள். அடுத்த நாள் 90 பவுண்டுக்கு பில் வந்தது, கட்டாவிட்டால் வசூல் ஏஜென்சிக்குப் போகும் என்ற மிரட்டலோடு. ஊரில் மாமனார், "கட்டித் தொலைச்சிட்டு சோலியப் பாரு மக்கா" என்றார். நான் கட்டாதே என்றேன்.

காரணம் இருக்கிறது. 2013இல் வந்த நுகர்வோர் ஒப்பந்த விதிகளின்படி, போனிலோ இணையத்திலோ பேசிய வேலையையும், உங்கள் வீட்டு வாசலில் வந்து பேசி முடித்த வேலையையும் 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். ஒப்பந்தம் ஆன மறுநாளிலிருந்து கணக்கு. இந்த உரிமை உண்டு என்று வேலைக்காரர் உங்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் அந்தக் கெடு 12 மாதம்வரை நீளும். 14 நாளுக்குள்ளேயே வந்து செய்யுங்கள் என்று நீங்களே கேட்டு, பாதி வேலை நடந்த பிறகு ரத்து செய்தால், நடந்த வேலைக்கு உண்டானதைக் கொடுத்துவிட வேண்டும். அது நியாயம்தானே. முழு வேலையும் முடிந்த பிறகு வேண்டாம் என்பது செல்லாது.

கல்லிடைக்குறிச்சித் தம்பி எழுதிய மின்னஞ்சலில் நாலே வரிதான்: எந்தத் தேதியில் பேசினோம், எந்தத் தேதியில் ரத்து செய்தோம், வேலை தொடங்கவே இல்லை, 14 நாள் உரிமையை யாரும் தெரிவிக்கவில்லை. கோபமோ கெஞ்சலோ ஒரு சொல் கிடையாது. அந்த பில் அப்படியே நின்றுபோனது.

இந்த உரிமை எல்லாவற்றுக்கும் கிடையாது. குழாய் வெடித்துத் தண்ணீர் ஓடுகிறது, உடனே வாருங்கள் என்று நீங்களே அவசரமாகக் கூப்பிட்ட பழுதுவேலைக்கு இல்லை. நம்ம ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்வது வேறு இரண்டில். வளைகாப்புக்கோ பிறந்தநாளுக்கோ தேதி குறித்துச் சமையல் பேசினாலும், வீடு மாற சாமான் ஏற்றும் வண்டியைத் தேதியோடு பேசினாலும், 14 நாள் உரிமை பொருந்தாது. பேசும்போதே "ரத்து செய்தால் எவ்வளவு?" என்று கேட்டு, பதிலைக் குறுஞ்செய்தியில் வாங்கிக்கொள்ளுங்கள். நம்ம ஊர் அண்ணன்தான் சமைக்கிறார் என்றாலும் கேளுங்கள். அதில் கூச்சம் வேண்டாம்.

கெடு தாண்டிவிட்டாலும், உரிமை இல்லாத வேலை என்றாலும், கேட்ட தொகையை அப்படியே கட்ட வேண்டும் என்றில்லை. அவருக்கு உண்மையில் எவ்வளவு நஷ்டம் என்பதுதான் கணக்கு. அந்த நேரத்துக்கு வேறு வேலை கிடைத்ததா என்று கேட்டு எழுதுங்கள். நஷ்டத்துக்குச் சம்பந்தமில்லாத பெரிய ரத்துக் கட்டணத்தை 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டத்தைக் காட்டி எதிர்க்கலாம்.

ரத்து செய்வதைப் போனில் சொன்னாலும், அன்றைக்கே மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ எழுதிவிடுங்கள். பிறகு அவர்கள் கூப்பிட்டால் போனை எடுக்காமல் இருப்பதும், நம்பரை பிளாக் செய்வதும் உங்களுக்குத்தான் கெடுதல். ஆள் வந்து கதவைத் தட்டிவிட்டுப் போனால், அந்த நஷ்டத்தையும் உங்கள் தலையில்தான் வைப்பார்கள்.

வசூல் ஏஜென்சியின் கடிதம் நீதிமன்ற உத்தரவு ஆகாது. இது உரிமையியல் விவகாரம், போலீஸ் வராது. ஆனால் பண வழக்குகளைப் பார்க்கும் கவுண்டி கோர்ட்டிலிருந்து, உங்கள்மேல் பணம் கேட்டு வழக்குப் போட்டிருப்பதைச் சொல்லும் கோரிக்கைப் படிவம் வந்தால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். அது கைக்கு வந்த 14 நாளுக்குள் பதில் போக வேண்டும். பதில் இல்லாமல் உங்களுக்கு எதிராகத் தீர்ப்பாகி, ஒரு மாதத்துக்குள் கட்டவும் இல்லையென்றால், உங்கள் கடன் பதிவில் 6 வருஷம் நிற்கும். வீடு வாடகைக்குக் கேட்கும்போதும், மாதத் தவணையில் போன் வாங்கும்போதும் அது முன்னால் வந்து நிற்கும்.

சந்தேகம் இருந்தால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் நுகர்வோர் உதவி எண் 0808 223 1133. இலவசம்; இங்கிலாந்து, வேல்ஸில் இருப்பவர்களுக்கு. கூப்பிடும்போது பேசிய தேதி, ரத்து செய்த தேதி, கேட்ட தொகை, வந்த குறுஞ்செய்திகள் எல்லாம் கையில் இருக்கட்டும்.