அம்மாவோடு உட்கார்ந்து பார்க்க நல்ல துருக்கிக் காதல் படம் எது?

காவேரிப்பட்டணத்துப் பொண்ணு:

மாசி, பங்குனி இரண்டு மாதமும் எங்கள் வீட்டுத் திண்ணை முழுக்கப் புளிதான். ராத்திரி சாப்பிட்டதும் அம்மா கொட்டை எடுக்க உட்காருவார், நான் பக்கத்தில் நார் உரிப்பேன். அந்த நேரத்துக்கு ஒரு படம். அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. கீழே ஓடும் வரியை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வர வேண்டும். தொடர் பக்கம் நாங்கள் போகவில்லை, துருக்கித் தொடரில் ஒரு பகுதியே இரண்டு மணி நேரத்தைத் தாண்டுகிறது.

லேசான காதல் படங்களாக மூன்று பார்த்தோம். மூன்றும் பாதியிலேயே நின்றுபோயின. கடலோரப் பங்களா, விளம்பரக் கம்பெனி, பந்தயம் கட்டிக் காதலிப்பது, ஒட்டுக்கேட்டுச் சந்தேகப்படுவது. மூன்றாவது படத்தில் அம்மா கையில் இருந்த புளியைக் கீழே வைத்துவிட்டு, "இவங்களுக்குச் சொந்தபந்தம்னு யாருமே கிடையாதா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

குறை படங்களிலா, நான் தேடி எடுக்கும் விதத்திலா? பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

நாலுரோடு தையல்கடை, தர்மபுரி:

உங்க அம்மா சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார், தங்கச்சி. அந்தச் சொந்தபந்தம் இருக்கும் படங்களைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

கடையைச் சாத்திவிட்டு வந்து, ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி கட்டும் நேரத்தில் நான் இந்தப் படங்களைப் பார்க்கிறேன். போனை நூல்கண்டு டப்பாவில் சாய்த்து வைத்துக்கொள்வேன். ஊசியில் நூல் கோக்கும்போது கண் திரையில் இருக்காது, காது மட்டும்தான். நாலு வருஷம் அப்படிக் கேட்டதில் சில சொற்கள் தானாக ஒட்டிக்கொண்டன. அப்லா என்றால் அக்கா, ஆபி என்றால் அண்ணன். நம்மைப் போலவே முன்பின் தெரியாதவர்களையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அம்மாவின் அக்கா தங்கை தெய்ஸே, அப்பாவின் அக்கா தங்கை ஹலா. இங்கிலீஷ் வரியில் இரண்டு பேருமே ஆன்ட்டி ஆகிவிடுகிறார்கள். அம்மாவின் அண்ணன் தம்பியை தாயி என்கிறார்கள். தாய்மாமன் என்று நான் சட்டென்று பிடித்துக்கொண்டேன். இனி அம்மாவுக்குச் சொல்லும்போது ஆன்ட்டியை விட்டுவிட்டு அத்தை, சித்தி என்று பிரித்துச் சொல்லிப் பாருங்கள். யார் எந்தப் பக்கம் நின்று பேசுகிறார்கள் என்பது அவருக்கு உடனே விளங்கும். அப்புறம் படமே வேறு மாதிரி தெரியும்.

இன்னொன்று. அவர்களிடமும் நீ, நீங்க உண்டு. சென் என்றால் நீ, சிஸ் என்றால் நீங்க. முக்கால் மணி நேரம் சிஸ் போட்டுப் பேசிய பையன் ஏதோ ஒரு வரியில் சென் என்று சொல்லிவிடுவான், அந்தப் பெண் ஒரு நொடி நிமிர்ந்து பார்ப்பாள். கையில் இருந்த ஊசியை அப்படியே நிறுத்திவிட்டு நான் அந்த இடத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறேன். இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே சொல், அதனால் காட்சியே காணாமல் போகிறது. தமிழில் சொல்லும் உங்களால் அதைக் காப்பாற்ற முடியும்.

பெண் கேட்டு வரும் சடங்கும் அம்மாவுக்குப் பிடிக்கும். பெண்தான் எல்லோருக்கும் காபி போட்டுக் கொண்டுவர வேண்டும். மாப்பிள்ளையின் கோப்பையில் மட்டும் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போடுவாள். முகம் சுளிக்காமல் அவன் குடித்துத் தீர்க்க வேண்டும். பஜ்ஜி சொஜ்ஜியோடு நடக்கும் நம் பெண் பார்ப்பதில் பெண்ணைத்தான் எல்லோரும் சோதிப்பார்கள். அங்கே அந்த ஒரு கோப்பையிலாவது பையனுக்குச் சோதனை.

பேரும் சொல்கிறேன். 2015-இல் வந்த 'கோஜான் கதர் கோனுஷ்' பாருங்கள். 'உன் புருஷன் அளவுக்குப் பேசு' என்று அர்த்தம். எஸ்கி மோலா கதாநாயகி, முராத் யில்திரிம் கதாநாயகன். முப்பதை ஒட்டிய வயதில் கல்யாணம் ஆகாத ஒரு பெண்ணை அம்மா, சித்திகள், பாட்டி எல்லோரும் சேர்ந்து படுத்தும் பாடுதான் படம். பழையது வேண்டுமென்றால் 1978-இல் வந்த 'நெஷெலி குன்லர்'. ஊறுகாய்க் கடை நடத்தும் புருஷன் பெண்டாட்டி, ஊறுகாய்க்கு எலுமிச்சையா வினிகரா என்று சண்டை போட்டுப் பிரிந்தே போய்விடுகிறார்கள். முனீர் ஓஸ்குல், அடிலே நாஷித் இருவரும் நடித்தது. நீங்கள் பார்த்த மூன்று படத்திலும் இல்லாத வீடு இந்த இரண்டிலும் இருக்கிறது.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. ஒரு போன் போட்டால் தீர்ந்துவிடும் சந்தேகத்தை அரை மணி நேரம் இழுப்பார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதையும், "யாரோடு பேசினாய்?" என்று கத்துவதையும் காதல் என்று காட்டுவதை என்னால் பொறுக்கவே முடியவில்லை. பின்னால் பியானோ வேறு வாசிப்பார்கள். கடைக்கு அளவு கொடுக்க வரும் காலேஜ் பெண் ஒருத்தி அந்த மாதிரி ஒரு காட்சியை ஆசையாகக் காட்டினாள். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவளோடு அரை மணி நேரம் பேசினேன். இது சின்னக் குறை என்று நான் நினைக்கவில்லை.

ரோஜாத்தோட்டம் ஓசூர்:

அக்கா சொன்ன கடைசி விஷயம் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் கடலும் பங்களாவும் குறை என்பதை நான் ஏற்க மாட்டேன். பிப்ரவரி 14-க்கு முந்தின மூன்று வாரம் பசுமைக்குடிலில் எங்களுக்குத் தூக்கம் கிடையாது. விடிவதற்குள் வெட்டி, காம்பு நீளம் பார்த்துப் பிரித்து, கட்டுக்கு இருபதாகக் கட்டி அனுப்ப வேண்டும். அது முடிந்ததும் எனக்கு வேண்டியது இஸ்தான்புல் நடுவே ஓடும் பாஸ்பரஸ் ஜலசந்தியும் அதில் போகும் படகும்தான். சொந்தபந்தம் வீட்டில் நிறைய இருக்கிறது. 2022-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'அஷ்க் தக்திக்லெரி' பந்தயக் கதைதான், ஆனாலும் தெமெத் ஓஸ்தெமிரும் ஷுக்ரு ஓஸ்யில்தசும் ஒருவரை ஒருவர் மடக்கிப் பேசுவது எனக்குப் பிடித்தது. 2023-இல் வந்த இரண்டாம் பாகம் வேண்டாம். அதே தந்திரத்தைக் கல்யாணத்துக்காக மறுபடி ஆடுகிறார்கள்.

நாலுரோடு தையல்கடை, தர்மபுரி:

தம்பி, வேலை செய்து களைத்தவருக்கு அந்தக் கடல் வேண்டும்தான். அதை நான் யோசிக்கவில்லை. முதல் பாகத்தைப் பார்க்கிறேன்.

காவேரிப்பட்டணத்துப் பொண்ணு:

நேற்று ராத்திரி 'கோஜான் கதர் கோனுஷ்' பார்த்தோம், அக்கா. நீங்கள் சொன்ன மாதிரி பாட்டி, சித்தி என்று முறை வைத்தே சொன்னேன். அம்மா முதலில் நன்றாகச் சிரித்தார். "இது நம்ம பர்கூர் சித்தியேதான்" என்றார்.

நான் முதலில் எழுதவில்லை. எனக்கு 32 வயது. என் ஜாதகம் ஏழு வருஷமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. படத்தில் அந்த அம்மா மகளை விடாமல் பேசிக்கொண்டே போகும்போது நான் சொல்வதை நிறுத்திவிட்டேன். தொண்டை அடைத்துவிட்டது. அம்மாவும் என்ன சொல்கிறார்கள் என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பொம்பளையக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லு" என்றார். கொட்டையைத் தட்டில் போடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

காலையில் தரகர் போன் பண்ணினார். அம்மா, "அடுத்த வாரம் பேசலாங்க" என்று வைத்துவிட்டார். இன்று ராத்திரி அந்த ஊறுகாய்ப் படம் போடச் சொல்லியிருக்கிறார். அவர்கள் ஊறுகாயில் எண்ணெய் ஊற்றுவார்களா என்று இப்போதே கேட்கிறார்.

நாலுரோடு தையல்கடை, தர்மபுரி:

எண்ணெய் கிடையாதும்மா. உப்புத் தண்ணியில் ஊறப்போடுவது, நம்ம உப்பு மாங்காய் மாதிரி. அம்மாவிடம் சொல்லுங்கள்.