கம்ப்ரெஷன் குறைகிறது, சரி. எந்த வழியாகப் போகிறது?

ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார் வைத்திருப்பவர்கள் பலர், சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தமாகிறது என்று அளக்கும் கம்ப்ரெஷன் கேஜில் ஒரு சிலிண்டர் குறைவாகக் காட்டியதும் எஞ்சினை இறக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குறை இருக்கிறது என்பதை மட்டும்தான் கேஜ் சொல்லும். காற்று எந்த வழியாக வெளியேறுகிறது என்பதை, எஞ்சின் வண்டியில் இருக்கும்போதே நம் காதால் கண்டுபிடித்துவிடலாம். நான் நேரில் பார்த்த இரண்டு வண்டிகளைப் பற்றி எழுதுகிறேன்.

முதலாவது என்னுடையது, 1600 எஞ்சின். ஐடிலிங்கில் விட்டுவிட்டு மிஸ்ஸிங், ஏற்றத்தில் இழுவை இல்லை. எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு பார்த்தேன். மூன்று சிலிண்டர்கள் 115 பி.எஸ்.ஐ.யை ஒட்டி இருந்தன. மூன்றாம் நம்பர் மட்டும் 70.

மூன்றாம் நம்பர் என்றதுமே சந்தேகம் வலுத்தது. 1970 வரை வந்த எஞ்சின்களில் ஆயில் கூலர் ஃபேன் ஷ்ரவுடுக்குள்ளேயே (விசிறிக் காற்றைச் சிலிண்டர்களுக்குச் செலுத்தும் தகட்டுக் கூடு) நிற்கும். கூலரைத் தாண்டி வரும் சூடான காற்றுதான் மூன்றாம் சிலிண்டருக்குக் கிடைக்கும். 1971-இல் கூலரைத் தனிக் கூட்டுக்கு நகர்த்தியதற்கு இதுவும் ஒரு காரணம். என்னுடையது பழைய அமைப்பு.

மறுநாள் எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு டாப்பெட், அதாவது வால்வு முனைக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தேன். ஏர்கூல்டு எஞ்சினில் சூடேறும்போது இடைவெளி கூடும், அதனால் ஆறிய நிலையில்தான் அளக்க வேண்டும். 0.15 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில், மூன்றாம் நம்பர் எக்ஸாஸ்ட் வால்வில் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகூட நுழையவில்லை. இடைவெளியைச் சரிசெய்ததும் கம்ப்ரெஷன் 90-க்கு ஏறியது. பலர் இத்தோடு நிம்மதியாகிவிடுவார்கள். ஆனால் கொஞ்ச தூரம் ஓட்டி, ஆறவிட்டுப் பார்த்தால் இடைவெளி மறுபடியும் குறைந்திருந்தது. எக்ஸாஸ்ட் டாப்பெட் இப்படித் திரும்பத் திரும்ப இறுகினால் வால்வு நீள்கிறது, அல்லது ஹெட்டில் வால்வு அமரும் வளையமான சீட் உள்வாங்குகிறது. நீளும் வால்வின் தலை ஒருநாள் முறிந்து பிஸ்டன் மேல் விழும். அந்த நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது.

அப்புறம் லீக் டவுன், அதாவது பிளக் துவாரம் வழியாகச் சிலிண்டருக்குள் அழுத்தக் காற்றை விட்டு, அது எங்கே கசிகிறது என்று பார்ப்பது. ஃபயரிங் ஆர்டர் 1-4-3-2 என்பதால், ஒன்றாம் நம்பரை டி.டி.சி.யில் (இரண்டு வால்வும் மூடிய நிலையில் பிஸ்டன் உச்சியில் இருக்கும் இடம்) நிறுத்திவிட்டு புல்லியை ஒரு முழுச் சுற்று சுற்றினால் மூன்றாம் நம்பர் டி.டி.சி. வந்துவிடும், அதே புல்லிக் குறியில். கியரில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்துத்தான் காற்றை விட வேண்டும். இல்லாவிட்டால் பிஸ்டனைக் காற்று தள்ளி எஞ்சின் சுற்றிக் கையைப் பதம் பார்க்கும். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதருகே வைத்து, மறுமுனையால் தேடினேன். கார்பரேட்டரில் சத்தமே இல்லை. ஆயில் ஊற்றும் வாயில் மெல்லிய 'ஸ்ஸ்'. பிஸ்டன் ரிங் இடுக்கில் அவ்வளவு கசிவது எல்லா எஞ்சினிலும் உண்டு. சைலன்சர் குழாயில் மட்டும் உஸ்ஸென்று சீறியது. கார்பன் துணுக்கு ஏதாவது வால்வில் சிக்கியிருக்கலாம் என்று வால்வு முனையில் மரச் சுத்தியால் மெல்லத் தட்டினேன். சத்தம் குறையவில்லை. எஞ்சினை இறக்கி ஹெட்டைக் கழற்றியபோது எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பில் நகக்கண் அளவுக்கு வெந்து அரிக்கப்பட்டிருந்தது. சீட்டிலிருந்து பிளக் துவாரம் வரை மயிரிழை விரிசல் ஒன்றும் ஓடியது.

சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, கம்ப்ரெஷன் ஏறினால் ரிங்கில்தான் கசிவு என்று கண்டுபிடிக்கும் வழியைப் பலரும் சொல்வார்கள். நிமிர்ந்து நிற்கும் சிலிண்டருக்கு அது சரி. இங்கே சிலிண்டர் படுத்திருக்கிறது, எண்ணெய் அடிப்பக்கமே தேங்கிவிடும், ரிங்கின் மேல்பாதி உலர்ந்தே இருக்கும். கேஜ் ஏறவில்லை என்பதை வைத்து ரிங் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள்.

இரண்டாவது நண்பரின் வண்டி. கார்பரேட்டர், சைலன்சர், ஆயில் வாய் மூன்றிலும் பெரிதாகச் சத்தம் இல்லை, ஆனால் கேஜ் முள் இறங்கிக்கொண்டே இருந்தது. ஓட்டும்போது, ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் 'சஃப் சஃப்' என்று ஒரு சத்தம் வருவதாக அவர் முன்பே சொல்லியிருந்தார். கீழ்த் தகடுகளைக் கழற்றி, சிலிண்டரும் ஹெட்டும் சேரும் இடத்தில் சோப்பு நீர் தடவினோம், நுரை பொங்கியது. ஃபின்களுக்கு நடுவே கரிக்கோடும் இருந்தது. இந்த 1600-இல் அந்த இடத்தில் கேஸ்கட் கிடையாது, உலோகத்தின் மேல் உலோகம் அமர்வதுதான் அடைப்பு. நட்டை முறுக்கிப் பார்த்தோம். ஹெட்டைப் பிடித்து நிறுத்தும் நீளமான 10 மி.மீ. ஸ்டட்டுக்கு 32 நியூட்டன் மீட்டர் அளவில் இறுகிவிட வேண்டும். அது இறுகாமல் சுற்றிக்கொண்டே வந்தது. மெக்னீசியம் கலவையாலான எஞ்சின் கூட்டில் (கேஸ்) இருந்த மரையைப் பிய்த்துக்கொண்டு ஸ்டட் வெளியே வந்திருந்தது. அந்த எஞ்சினையும் இறக்கித்தான் ஆக வேண்டியிருந்தது. கேஸின் துவாரங்களில் எஃகு இன்செர்ட் (புது மரை கொண்ட குழல்) வைத்து, ஸ்டட்களை மாற்றிப் பூட்டினோம்.