ஈறு ஆபரேஷனில் என் ரத்தத்தையே எடுத்து வைத்தார்கள்: உங்களுக்கும் நடந்ததா?

கோவை வாசி:
கீழ்க் கடவாய்ப் பல் லேசாக ஆடியது. எக்ஸ்ரேயில் வேரை ஒட்டி எலும்பு கரைந்து பள்ளமாகத் தெரிந்தது. ஈறைத் திறந்து சுத்தம் செய்த அன்று கையில் ரத்தம் எடுத்தார்கள். டெஸ்டுக்கு என்று நினைத்தேன். உறையாமலிருக்க எந்த மருந்தும் சேர்க்காமல் உடனே மெஷினில் போட்டுச் சுற்றினார்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் குழாயின் நடுவே மஞ்சளாக ஒரு ஜெல்லி. "பி.ஆர்.எஃப்", அதாவது தட்டணுக்கள் நிறைந்த உறைநார் (ஃபைப்ரின்) என்றார் டாக்டர். அதைப் பள்ளத்தில் வைத்துத் தைத்தார். ரத்தத் தட்டணுக்களில் உள்ள வளர்ச்சிக் காரணிகள், அதாவது செல்களை வளரத் தூண்டும் புரதங்கள், அதிலிருந்து மெல்லக் கசியுமாம். இப்போது ஆட்டம் குறைந்துவிட்டது, ஆனால் பள்ளம் பாதிதான் நிரம்பியிருக்கிறது. கூடுதலாக வைத்திருந்தால் முழுசும் வளர்ந்திருக்குமா?

பெரியோ பிஜி:
ஈறு மருத்துவத்தில் (பெரியோ) மேற்படிப்பு படிக்கிறேன், ஓபி-யில் தினமும் யாராவது இதைக் கேட்பாங்க. பல்லைத் தாங்குவது எலும்பு மட்டும் இல்லைங்க. வேர்மேல் சிமெண்டம்ங்கிற மெல்லிய கெட்டிப் படலம், வெளியே எலும்பு, நடுவில் கால் மில்லிமீட்டர்கூட வராத இடத்தில் இரண்டையும் கட்டிப்பிடிக்கிற நார்கள். பல் உருவாகும்போது மூன்றுமே பல் மொட்டைச் சுற்றியிருக்கும் ஒரே உறையிலிருந்துதான் வருது. எந்த செல் என்னவாகணும்னு சொல்றதில் நீங்க சொன்ன வளர்ச்சிக் காரணிகளுக்குப் பெரிய பங்கு. எஃப்.ஜி.எஃப்-2 என்கிற காரணி நார்ப் பகுதி செல்களைப் பெருக்கும், சீக்கிரம் கெட்டியாக விடாது. பி.எம்.பி-2 என்கிற இன்னொரு காரணி செல்களை எலும்பு பக்கம் தள்ளும். அதை வைத்த விலங்குச் சோதனைகள் சிலதில் எலும்பு நல்லா வளர்ந்து நேரே வேரோடு ஒட்டிக்கிச்சு. நடுவில் நார் இல்லை. அதனால் அளவைக் கூட்டறது மட்டும் தீர்வு ஆகாது. இன்னொண்ணு, பள்ளத்துக்குள் எந்த செல் முதலில் வருதோ அதுதான் அங்கே என்ன வளரும்னு தீர்மானிக்கும். ஈறின் மேல்தோல் செல்கள்தான் எப்பவும் முந்திக்கும். அதுங்க முந்தினா புது நாருக்கு இடம் கிடைக்காது. முதலில் வர்ற செல்தான் முக்கியம்னு மெல்ச்சர் என்கிற ஆய்வாளர் 1976-லேயே சொல்லிட்டார்.

மதுரைக்காரி:
எனக்கு வைத்தது ஊசியிலிருந்து பிதுக்கும் ஜெல். பன்றிக்குட்டியின் வளரும் பல்லிலிருந்து எடுத்த எனாமல் (பல்லின் வெளிப்பூச்சு) புரதம் என்று முன்பே சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். மாமியார் காதில் மட்டும் போடவில்லை! எனாமல் புரதத்துக்கும் வேருக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் புரியவில்லை.

பெரியோ பிஜி:
வேர் உருவாகும்போது அதே மாதிரி புரதம் வேர்மேல் படிஞ்சு சிமெண்டத்தைத் தூண்டுதுங்கிறது அந்த ஜெல்லுக்குப் பின்னால் இருந்த யோசனை. அதில் இன்னும் சர்ச்சை இருக்கு, ஆனா ஜெல் வேலை செய்யுது.

கோவை வாசி:
அப்போ என் பள்ளத்தில் நிரம்பியதில் நார் இருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் தெரியுமா?

பெரியோ பிஜி:
உறுதியாத் தெரியாது சார். வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்கணும். அதுக்காகப் பல்லைப் பிடுங்கச் சொல்லிடாதீங்க.