வீட்டுக்குள் பவேரியா அடிக்கலாமா?

கோபி விவசாயி:
வணக்கமுங்க. தோட்டத்துச் சாளையில் கயிற்றுக் கட்டில் முழுக்க மூட்டைப்பூச்சி. வெந்நீர் ஊற்றி வெயிலில் தட்டிப் போட்டாலும் பத்தே நாளில் திரும்ப வந்துவிடுகிறது. போதாததற்குப் போன மாதம் பையன் டெங்குவில் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். கடை ஸ்ப்ரே எதற்கும் பூச்சி அசைவதில்லை. தென்னைக்காக எருக்குழியில் ஊற்றிய மெட்டாரைசியம் என்ற பூஞ்சை மருந்தில் காண்டாமிருக வண்டின் புழு பச்சை பூத்துச் செத்ததை நானே பார்த்திருக்கிறேன். அதே மாதிரி பூச்சியைக் கொல்லும் இன்னொரு பூஞ்சையான பவேரியாவைச் சுவரிலும் கட்டிலிலும் அடித்தால் என்ன? பக்கத்து ஷெட்டில் பட்டுப்புழு வளர்க்கிறோம், மற்றபடி ஆடு மாடு கிடையாது.

பொள்ளாச்சித் தோப்பு:
யோசனை தப்பில்லைங்க. பி.டி. (பாக்டீரியா மருந்து) மாதிரி தின்றால்தான் வேலை செய்யும் மருந்து ரத்தம் குடிக்கிற பூச்சிக்கு உதவாது. இதில் பூஞ்சையின் வித்து பூச்சியின் காலில் ஒட்டினாலே போதும், தோலைத் துளைத்து உள்ளே வளர்ந்து கொன்றுவிடும், அதற்குள் அந்த மூட்டைப்பூச்சி இடுக்குக்குப் போய் மற்றதுக்கும் ஒட்டிவிட்டிருக்கும். அமெரிக்காவில் மூட்டைப்பூச்சிக்கென்றே பவேரியா மருந்து விற்கிறார்கள். அர்ஜென்டினாவில் சாகஸ் நோய் பரப்பும் வின்சூகா (மண்சுவர் வெடிப்பில் குடியிருக்கும், நம்ம மூட்டைப்பூச்சிக்குப் பெரியப்பா மாதிரி) பைரித்ராய்டு வகை ரசாயனப் பூச்சிமருந்துக்கு மசியாமல் போனதால் அங்கேயும் இதைச் சோதித்தார்கள். சாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும். கொசுவுக்கு அந்தத் தாமதம் பரவாயில்லை, ஏனென்றால் டெங்குக் கிருமி கொசு உடம்பில் பெருகி அடுத்தவருக்குப் பரவவே எட்டு, பத்து நாள் வேண்டும்.

மல்பெரிக்காரன்:
ஏனுங்க, அவர் எழுதின கடைசி வரியை நீங்கள் படிக்கவே இல்லையா? பட்டுப்புழு ஷெட் பக்கத்தில் பவேரியாவா! புழு சாக்பீஸ் மாதிரி விறைத்து வெள்ளையாகக் கிடக்குமே, சுண்ணாம்புக்கட்டு நோய், அது சாட்சாத் இதே பவேரியாதான். இத்தாலியில் அகோஸ்டினோ பாஸி 1835இல் இது ஒட்டிப் பரவும் பூஞ்சை நோய் என்று காட்டியதே பட்டுப்புழுவை வைத்துத்தான், பவேரியா பேசியானா என்ற முழுப்பெயரில் பேசியானா அவரால் வந்தது. மெட்டாரைசியமும் புழுவுக்கு ஆகாது. நான் ஒரு மழைக்காலத்தில் கத்தரிக்கு அடித்துவிட்டு அதே சட்டையோடு போய்ப் பட்டுப்புழுவுக்குத் தழை போட்டேன், நூறு முட்டைத்தொகுதி மொத்தமும் போச்சு. அப்புறம், வயலுக்கு விற்கிற பொடியைப் படுக்கிற இடத்தில் தூவவும் கூடாதுங்க, வீசிங் இருப்பவர்களுக்கு மூச்சு முட்டும்.

கட்டில் கயிற்றை மொத்தமாக அவிழ்த்துக் கொதிக்கிற தண்ணீரில் போடுங்கள், சட்டத்தின் துளைகளுக்குள்ளும் ஊற்றுங்கள். கயிற்றோடு சேர்த்து மேலாக ஊற்றினால் முட்டை தப்பிவிடும். டெங்குவுக்குத் தொட்டியை மூடி, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவினால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

கோபி விவசாயி:
நல்லவேளை கேட்டேனுங்க. ரெண்டு கிலோ பாக்கெட் ஏற்கெனவே வாங்கிவிட்டேன், இன்னும் பிரிக்கவில்லை. மச்சான் தோட்டத்தில் பட்டுப்புழு இல்லை, அங்கே கொடுத்துவிடுகிறேன். கயிறு இப்போதுதான் அவிழ்த்துக்கொண்டிருக்கிறோம், முடிச்சுக்கு முடிச்சு கூட்டம் கூட்டமாக இருக்கிறது.